படத்திறப்பில் போர்த்திய பொன்னாடை

1. நன்றாக விழுந்த முகம்

எதிர்த்தரப்பு வழக்குரைஞர் அந்தப் புகைப்படத்தை நுகர்வோர் ஆணையத்தின் முன் வைத்தபோது, என் கட்சிக்காரர் செல்வராசு நிமிர்ந்து அமர்ந்தார். படத்தில் தம் முகம் நன்றாக விழுந்திருக்கிறதென்ற மகிழ்ச்சி அவருக்கு. எனக்கோ வழக்கு கைநழுவுவது தெரிந்தது. தம் தந்தையைக் கவனியாமல் சாகவிட்டதாக எந்த முதியோர் இல்லத்தின்மீது வழக்குத் தொடுத்தாரோ, அதன் நிர்வாகிக்கு அவர் பொன்னாடை போர்த்தும் படம் அது.

“இத ஏங்க எங்கிட்டச் சொல்லல?” என்று காதருகே கேட்டேன்.

“நீங்க கேக்கலயே சார். படத்தெறப்புக்கு வந்தவங்களுக்குப் போத்துறதுதானே மொற. அவர மட்டும் விட்டா நல்லாவா இருக்கும்?”

அவர் கூற்றில் பிழையில்லை. எங்கள் பக்கத்தில் இறந்தவரின் படத்தைத் திறந்து வைத்தவர், இரங்கல் உரையாற்றியவர், ஒலிபெருக்கி கட்டியவர் என எவரும் வெறுந்தோளோடு வீடு திரும்புவதில்லை. அந்த மரியாதை நற்சான்று ஆகாது என்பதைச் சட்டத்துக்கு யாரேனும் எடுத்துச் சொல்லவேண்டியிருக்கிறது.

2. இரண்டாம் குற்றவாளி

செல்வராசு தந்தையின் சாவுக்குத்தான் குவைத்திலிருந்து ஊர் திரும்பினார். தங்கை மல்லிகா கறம்பக்குடியில் அங்கன்வாடிப் பணியாளர். தந்தை சின்னையாவுக்குப் பக்கவாதத்தால் வலப்பக்கம் செயலிழந்தது. பகலில் அவரைத் தூக்கி அமர்த்த வீட்டில் ஆளில்லாமையால் மல்லிகாவே இல்லத்தில் சேர்த்தார். பார்க்கச் சென்றபோதெல்லாம் பெரியவருக்குக் கழுத்துவரை போர்வை போர்த்தியிருந்ததாம். போர்வைக்குள், புரட்டிப் படுக்க வைப்பாரின்றி முதுகில் புண் கண்டு அழுகிக்கொண்டிருந்தது. நிலைமை முற்றிய பிறகே அரசு மருத்துவமனைக்கு அனுப்பினர், அவர் பிழைக்கவில்லை. முதுமையே காரணமென்று இல்லத்தார் கூறியதைக் குடும்பத்தார் நம்பினர். காரியமெல்லாம் முடிந்து, மருத்துவமனையில் சிகிச்சைப் பதிவான கேஸ் ஷீட்டின் நகல் பெறச் சென்றபோதுதான், அது கவனிப்பின்மையால் வந்த புண் என்று மருத்துவர் விளக்கினார்.

என் அலுவலகத்துக்குள் இருவரும் சண்டையோடே நுழைந்தனர்.

“கொலைக் கேஸு போடுங்க சார். மொதக் குத்தவாளி அந்த நிர்வாகி. ரெண்டாவது இவ,” என்றார் செல்வராசு.

“நான் என்னண்ணே பண்ணுனேன்?”

“நீதானே கொண்டுபோய் அங்கிட்டுத் தள்ளுன.”

“நீ குவைத்துலருந்து வீடியோ கால்லயே பொரட்டிப் போட்டிருக்க வேண்டியதுதானே.”

கொலை வழக்கு நிற்காது என்று விளக்கினேன். அலட்சியத்தால் மரணம் விளைவித்ததாகக் காவல் நிலையத்தில் புகார் தரலாம். ஆனால் உடற்கூறாய்வின்றி எரியூட்டிவிட்டதால் மெய்ப்பிப்பது கடினம். இல்லத்தின் உரிமத்தைக் குறித்துச் சமூகநல அலுவலரிடமும் ஆட்சியரிடமும் முறையிடலாம். அங்கே எஞ்சியிருக்கும் முதியோர்க்கு அது உதவும். கட்டணம் பெற்றுக்கொண்டு பராமரிக்கத் தவறியது சேவைக் குறைபாடு; அதற்கு இரண்டாண்டுக்குள் நுகர்வோர் ஆணையத்தை அணுகவேண்டும். ஒன்றைச் செய்தால் மற்றொன்றைச் செய்யக்கூடாதென்பதில்லை.

“இதுல எதுல சார், அப்பா ஏன் செத்தாருன்னு எழுதிக் குடுப்பாங்க?” என்று கேட்டார் மல்லிகா. அண்ணன் தொடங்கி ஊரார் வரை அவரையே பழித்துக்கொண்டிருந்தனர். அவருக்கு வேண்டியது அந்த ஒரு பதில்தான்.

“ஆணையத்துல எழுதுவாங்கம்மா,” என்றேன். அந்த நம்பிக்கையில்தான் பொன்னாடை வந்து விழுந்தது.

3. கேரம் சாம்பியன்

நிர்வாகி தம் பிரமாண வாக்குமூலத்தில், சின்னையாவை நாள்தோறும் தாமே நேரில் கவனித்ததாகவும், புண் சர்க்கரை நோயால் வந்ததாகவும், குடும்பத்தார் மனநிறைவோடு தம்மைப் பாராட்டியதாகவும் உறுதி கூறியிருந்தார். சான்றாகப் படத்திறப்பின் காணொளியும் தாக்கலாயிற்று. அதை அவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவைத்தவரும் செல்வராசுதான்.

ஆணையத்தில் காணொளி ஓடியது. பொன்னாடைக் காட்சி முடிந்ததும் நிறுத்தப்போனார்கள். முழுவதும் ஓடட்டும் என்று வேண்டினேன். என்னிடம் திட்டமேதுமில்லை, அடுத்து என்ன வாதிடுவதென்று யோசிக்கச் சற்று அவகாசம் தேவைப்பட்டது.

திரையில் நிர்வாகி பொன்னாடையோடு ஒலிவாங்கியைப் பற்றினார். “ஐயா நம்ம இல்லத்தோட கேரம் சாம்பியன். வெள்ளன எந்திரிச்சு எங்கூட நாலு சுத்து நடப்பாரு. அவரு வேகத்துக்கு என்னால ஈடு குடுக்க முடியாது.” பந்தலில் கைதட்டல் எழுந்தது.

ஆணையத் தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “பக்கவாதம்னு மனுவுலயும் இருக்கு, ஒங்க பதிலுலயும் இருக்கு. அப்ப நடந்தது யாருங்க?”

தம் வழக்குரைஞர் சட்டையைப் பிடித்திழுத்தும் கேளாமல் நிர்வாகி எழுந்தார். “அது மாடி ரூம்புப் பெரியவருங்கய்யா. இப்பவும் நல்லாத்தான் இருக்காரு.”

நாள்தோறும் நேரில் கவனித்தவருக்கு இறந்தவர் எவரென்றே தெரியவில்லை. அதற்குமேல் நான் வாதிட மிகுதியாக ஒன்றும் இருக்கவில்லை.

அன்று கேட்டபோது ஐயம் தோன்றவில்லையா என்று செல்வராசுவை வெளியில் வினவினேன். “செத்தவங்களப் பத்திக் கூட்டித்தானே சார் சொல்லுவாங்க. நம்ம அப்பனையும் ஒருத்தன் சாம்பியன்ங்கிறானேன்னு நானும் சேந்து தட்டுனேன்.” மல்லிகா அப்போது பந்தியில் இலை போட்டுக்கொண்டிருந்தாராம்.

4. ஒரு வாக்கியம்

இளைய வழக்குரைஞர்களுக்குச் சொல்வேன்: இத்தகைய சாவோடு வருபவரிடம், புண்ணைப் படமெடுத்தார்களா, உடற்கூறாய்வு கோரினார்களா, கேஸ் ஷீட் கைக்கு வந்ததா என்று கேளுங்கள். துக்கவீட்டில் எவரை எப்படிச் சிறப்பித்தார்கள் என்பதையும் கூச்சமின்றிக் கேளுங்கள். பரிகாரங்களை எழுதுமுன், எந்த வாக்கியத்தைக் கேட்க அவர் காத்திருக்கிறார் என்பதை அறியுங்கள். இழப்பீடு எவ்வளவென்று மல்லிகா இறுதிவரை என்னிடம் கேட்கவில்லை.

உத்தரவு கிடைத்த அன்று, வாசலில் நின்றபடி அவருக்காக அந்தப் பகுதியைத் தமிழாக்கிப் படித்தேன்: “முறையாகப் புரட்டிப் படுக்க வைத்திருந்தால் தவிர்த்திருக்கக்கூடிய புண்ணே மரணத்துக்குக் காரணம். நம்பி ஒப்படைத்த குடும்பத்தார்மீது தவறில்லை.”

மல்லிகா அண்ணனைப் பார்த்தார். “இன்னொரு தடவ படிங்க சார். கொஞ்சம் சத்தமா.”

படித்தேன்.  செல்வராசு தங்கையின் தோளிலிருந்த பையைத் தாம் வாங்கி மாட்டிக்கொண்டார்.

“வாத்தா, போவோம். கறம்பக்குடி பஸ்ஸு வர்ற நேரம்.”