வேம்பக்கா குனிந்த குற்றம்

கீழ்வேளூர்ப் பக்கம் நடவு என்றால், வயல் கண்ணில் படுவதற்கு முன்பே வேம்பக்காவின் குரல் காதில் விழும். எங்கள் தெருப் பெண்களின் நடவுக் குழுவுக்கு அவர்தான் தலைவி. யாரையாவது திட்டாமல் ஒரு வரப்பைத் தாண்டமாட்டார். நானும் நிறைய வாங்கிக் கட்டிக்கொண்டவள்தான்.

ஆடியில் அவருடைய வலது கண்ணில் புரை எடுத்தார்கள். பார்வை பளிச்சென்று வந்தது. எதிர்வீட்டுக் கொடியில் காயும் புடவையின் கறையை இங்கிருந்தே சொல்லி, அதற்கும் ஒரு சண்டை போட்டார். ஒரு மாதம் குனியக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். அக்காவால் இருக்க முடியுமா? கெடு முடிவதற்குள் நாற்றுப் பறிக்கப் போய்விட்டார். புருஷன் ஐயாவு நடுத்தெருவில் நின்று கத்தினார்.

"குனிஞ்சு கண்ணு போச்சுன்னா என்கிட்ட வந்து நிக்காத."

புரட்டாசியில் கயிறு பிடித்து வரிசை நடவு நட்டோம். எங்கள் குழுவில் இருக்கும் கனிமொழி நட்ட வரிசை கோணல் என்றார் அக்கா. அவள் பிடுங்கி மறுபடி நட்டாள். அதுவும் கோணலாம். கயிற்றை ஒட்டித்தான் நட்டிருக்கிறேன் என்று அவள் அழமாட்டாத குறையாகச் சொன்னதும், அக்கா இடது கண்ணைப் பொத்திக்கொண்டு பார்த்தார். கயிறே நடுவில் நெளிந்து தெரிந்திருக்கிறது. இதைப் பிற்பாடுதான் என்னிடம் சொன்னார். அன்றைக்குப் பேசாமல் கரையேறிவிட்டார்.

குனிந்துதான் கண்ணைக் கெடுத்துக்கொண்டோம் என்று அவரே தீர்ப்பு எழுதிக்கொண்டார். புருஷனிடம் சொல்ல வழியில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனால் அங்கேயும் குற்றவாளி. இடது கண்ணிலோ எடுக்காத புரை, ஒரே புகைமூட்டம். இரண்டு கண்ணுக்கும் நடுவில் வசமாக மாட்டிக்கொண்டார். எதிரே வருகிறவரின் முகம் மட்டும் அழிந்துபோயிருக்கும், குரலை வைத்துத்தான் ஆளைக் கண்டுபிடித்தார். வயலுக்கு வந்தார், ஆனால் யாரையும் திட்டவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

பொங்கல் கழிந்து ஒருநாள், கடைத்தெருவில் கனிமொழி சிரித்தபடி எதிரே வந்தும் அக்கா கண்டுகொள்ளாமல் போனார். கனிமொழி நேரே போய், அக்காவுக்கு ஆள் தெரியவில்லை என்று ஐயாவுவிடம் சொல்லிவிட்டாள். தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குப் போகும்வரை பஸ்ஸில் ஐயாவு அக்காவைத் திட்டிக்கொண்டே வந்தார். துணைக்குப் போன நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

டாக்டர் கண்ணைப் படம் எடுத்துப் பார்த்தார். ரத்தக் குழாய்க்கும் விழித்திரைக்கும் நடுவே ஒரு தடுப்பு உண்டாம். ஆபரேஷனுக்குப் பிறகு சிலருக்கு அது வரப்பு கசிவதுபோலக் கசிந்து, நடுப்பார்வை இருக்கும் இடத்தில் நீர் கோத்து வீங்கிவிடுமாம்.

"குனிஞ்சதாலதானே சார்?" என்றார் ஐயாவு.

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லைங்க. வீட்டுலயே படுத்திருந்தாலும் வந்திருக்கும். மங்கினப்பவே வந்திருந்தா பெரும்பாலும் சொட்டு மருந்துலயே சரியாகியிருக்கும். இப்ப ஊசி போட்டுப் பார்க்கலாம். முழுசா திரும்புமான்னு சொல்ல முடியாது."



"நான் தப்பு பண்ணலன்னு தெரிஞ்சிருந்தா அன்னைக்கே வந்திருப்பேனே."

அக்கா இதை டாக்டரிடம் சொல்லவில்லை. ஐயாவு உட்கார்ந்திருந்த பக்கம் திரும்பித்தான் சொன்னார். அவர் முகம் போன போக்கை நான் பார்த்தேன். அக்காவுக்குத் தெரிந்திருக்காது.