அப்பா சொன்ன வாக்கியம், அத்தை சொன்ன வாக்கியம்

எங்கள் வீட்டில் சண்டை எப்போதும் இங்கிலீஷில்தான் நடக்கும். சாப்பாட்டுக்கும் கொஞ்சலுக்கும் தமிழ், காய்கறிக்காரரிடம் தெலுங்கு, ஆட்டோக்காரரிடம் ஹைதராபாத் ஹிந்தி, கோபத்துக்கு இங்கிலீஷ். தாத்தா காலத்திலிருந்தே செகந்திராபாத்தில் இருக்கிற குடும்பம். இந்த ஏற்பாட்டை யார் செய்து வைத்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. அதிலும் அப்பா, தான் ஒரு பிராட்-மைண்டட் மனிதன் என்று இங்கிலீஷில் ஆரம்பித்தால், எதையோ மறுக்கப் போகிறார் என்று அர்த்தம்.

நான் ஐந்தாம் வகுப்பு படித்தபோது அவர் மறுத்தது அத்தையின் கல்யாணத்தை. அத்தை என்றால் அப்பாவின் ஒரே தங்கை. மாரெட்பள்ளியில் எங்களோடுதான் இருந்தாள். கம்ப்யூட்டர் கம்பெனியில் தன்னோடு வேலை பார்க்கும் ஒருவரைத்தான் கட்டிக்கொள்வேன் என்று சொல்லிவிட்டாள். அவர் திருநெல்வேலிக்காரர், குகட்பள்ளியில் அறை எடுத்துத் தங்கியிருந்தார், ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். மதமெல்லாம் தனக்கு ஒரு பொருட்டே இல்லை என்றார் அப்பா. பிறகு உட்கார்ந்து வேறு காரணங்களைத் தேடினார். பையனுக்கு ஹிந்தி வராது. தெலுங்கும் வராது. குகட்பள்ளி ரொம்பத் தூரம். நல்ல தமிழ்ப் பையனாகப் பார்க்க வேண்டும் என்று வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்த மனுஷர், பையன் அளவுக்கு மீறித் தமிழனாக இருக்கிறான் என்று குறைப்பட்டுக்கொண்டார். அத்தை அவரோடு பேசுவதை நிறுத்தினாள். அப்பாவும் சளைக்காமல் நிறுத்தினார்.

எங்கள் இங்கிலீஷ் மிஸ் அந்த வாரம் பார்த்தா அந்தப் பாடத்தை எடுக்க வேண்டும்? பிடிவாதக்காரர்களையும் குறுகிய மனசுக்காரர்களையும் சொல்ல இங்கிலீஷில் என்னென்ன வார்த்தைகள் உண்டு என்று போர்டு நிறைய எழுதிப் போட்டார். ஆப்ஸ்டினேட், அடமன்ட், ரிஜிட், நேரோ-மைண்டட், பிகட். கடைசியில் பிக்-ஹெடட். அதாவது பன்றித்தலை. அதைச் சொல்லும்போது மட்டும் குரலைத் தாழ்த்தி, பெரியவர்களைப் பார்த்து இதைச் சொல்லவே கூடாது என்றார். திங்கட்கிழமை ஒவ்வொருவரும் எழுந்து நின்று வாக்கியம் சொல்ல வேண்டும். வீட்டில் கேட்டுத் தயார் செய்துகொண்டு வரலாம்.

நான் அப்பாவிடம் போய் அடமன்ட் என்றேன். அப்பா பேப்பரைக் கீழே வைத்தார். அடம்பிடித்துத் தன் வாழ்க்கையைத் தானே கெடுத்துக்கொண்ட ஒரு பெண்ணைப் பற்றி அழகான வாக்கியம் ஒன்றை, அத்தையின் அறைக் கதவு வரை கேட்கும்படி சொன்னார். கதவு திறந்தது. அத்தை என்னை உள்ளே கூப்பிட்டு, அடுத்த வார்த்தை என்ன என்று கேட்டாள். ரிஜிட் என்றேன். சில அண்ணன்களோடு ஒப்பிட்டால் தெருவிளக்குக் கம்பம்கூட வளைந்து கொடுக்கும் என்று ஒரு வாக்கியம் கொடுத்து, ஹாலுக்குப் போய்ச் சத்தமாகச் சொல்லிப் பழகச் சொன்னாள். எனக்குக் கொண்டாட்டம். வீட்டுப்பாடத்துக்கு இவ்வளவு உதவி அதற்கு முன்னும் கிடைத்ததில்லை, பின்னும் கிடைத்ததில்லை. சனிக்கிழமை முழுக்க ஹாலுக்கும் அறைக்குமாக வாக்கியம் சுமந்தேன்.

"எதுக்கு இத்தனை வார்த்தை?" என்றாள் அம்மா, சமையலறையிலிருந்து. "பிடிவாதம்னு ஒண்ணு போதாதா, ரெண்டு பேருக்கும்?"

பிகட் என்ற வார்த்தைக்கு அத்தை கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு, என் அண்ணன் ஒரு பிகட், பாவம் அவருக்கே அது தெரியாது என்று மெதுவாகச் சொன்னாள். நான் வழக்கம்போல ஹாலுக்குப் போய் ராகம் போட்டு ஒப்பித்தேன். அப்பாவிடமிருந்து பதில் வாக்கியம் வரவில்லை. அந்த வார்த்தைக்கு மிஸ் என்ன அர்த்தம் சொன்னார் என்று கேட்டார், அதுவும் தமிழில். பார்க்காமல் பழகாமல் ஒருவரை வேண்டாம் என்று ஒதுக்குகிறவர் என்று மிஸ் சொன்னதைச் சொன்னேன். அவர் முகம் சுருங்கிப்போனதைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. பேப்பரை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

"உங்க அத்தைகிட்ட போய்ச் சொல்லு. நாளைக்கு அந்தப் பையன சாப்பிட வரச் சொல்லு. பார்த்துட்டே வேண்டாம்னு சொல்றேன்."

மறுநாள் அவர் சர்ச் முடிந்து, கசங்காத வெள்ளைச் சட்டையில் பைக்கில் வந்து இறங்கினார். எந்த வழியாக வந்தாய் என்பதுதான் அப்பாவின் முதல் கேள்வி. பேகம்பேட் வழியாக என்றார். போவன்பள்ளி வழிதான் கிட்டம் என்று அப்பா இங்கிலீஷில் தீர்ப்பு சொன்னார். இனிமேல் அப்படியே வருகிறேன் சார் என்று சொல்லிவிட்டு இலையில் உட்கார்ந்திருக்க வேண்டிய இடம் அது.

"இல்ல சார். பேகம்பேட்தான் சீக்கிரம். போவன்பள்ளியில காய்கறி லாரி நகரவே விடாது."

தான் இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவன் என்றார் அப்பா. இருக்கலாம் சார், ஆனாலும் பேகம்பேட்தான் என்றார் அவர். அப்பாவின் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு அத்தை, விட்டுக்கொடு என்று கையாலும் கண்ணாலும் கெஞ்சினாள். அதைப் பார்த்தும் அவர் மசியவில்லை. சாம்பாரில் ஆரம்பித்த வாதம் மோர் வரைக்கும் போனது. ரசம் ஊற்றியதை இரண்டு பேருமே கவனிக்கவில்லை. நடுவில் எங்கேயோ அப்பா தமிழுக்கு மாறியிருந்தார். எனக்கு அது விசித்திரமாக இருந்தது. கடைசியில், நேரில் பார்த்துவிடலாம் என்று இருவரும் எழுந்தார்கள். குகட்பள்ளி பஸ் ஸ்டாப்பில் சந்திப்பதாகப் பேச்சு. அப்பாவின் ஸ்கூட்டர் போவன்பள்ளிப் பக்கமும் அவருடைய பைக் பேகம்பேட் பக்கமும் பறந்தன. அத்தை அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

விளக்கு வைக்கிற நேரத்தில் அப்பா மட்டும் திரும்பி வந்தார். யார் முதலில் போய்ச் சேர்ந்தது என்று சொல்லவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு நேரே அத்தையின் அறை வாசலில் போய் நின்றார்.

"உன் ஆளு சரியான பிக்-ஹெடட்."

அவ்வளவுதான், கால் கழுவப் போய்விட்டார். அத்தை கட்டிலில் உட்கார்ந்து அழுதாள். போர்டில் இருந்ததிலேயே மோசமான வார்த்தை அது. கல்யாணம் நின்றேபோனது. அழாதே அத்தை என்று அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு நானும் அழுதேன். அப்போது சமையலறையிலிருந்து நெய்யில் ரவை வறுபடுகிற வாசனை வந்தது. அம்மா கேசரி கிளறிக்கொண்டிருந்தாள். இந்தத் துக்கத்திலும் இந்த வீட்டுக்கு இனிப்பு கேட்கிறதா என்று எனக்கு ஆத்திரம் பொங்கியது.

நான் கேசரியைத் தொடவில்லை. அப்பாவே தட்டும் ஸ்பூனுமாக வந்து ஒரு வாய் ஊட்டப் பார்த்தார். வேண்டாம் என்பதை நக்கோ என்றேன். கோபத்தில் எனக்குத் தெருவில் கற்ற ஹிந்திதான் வரும். கொஞ்சிப் பார்த்தார், மிரட்டிப் பார்த்தார். அத்தை வாங்கி ஊட்டப் பார்த்தாள், அவளுக்காகத்தான் அத்தனை பட்டினியும் என்பதால் அவளிடமும் வாயைத் திறக்கவில்லை.

"போச்சுடா, அடுத்ததும் ரெடி," என்றாள் அம்மா.

அப்பாவும் அத்தையும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார்கள். இவர்களுக்கு இப்போது என்ன சிரிப்பு என்று புரியாமல், நான் வாயை இன்னும் இறுக்கி மூடிக்கொண்டேன்.