வரவேற்பாளர் என்று எழுதியிருந்தது

டயர் கடைக்கு மேலே, இரண்டாம் மாடியில் அந்த ஆங்கிலப் பயிற்சி நிலையம் இருந்தது. அங்கே பதினாறு வருடமாகப் பாடம் எடுத்தவளை எல்லோரும் ‘மிஸ்’ என்றே கூப்பிட்டார்கள். நர்சுகள், லாரி ஓட்டுநர்கள், கல்யாணமாகிக் கணவனிடம் போகும் பெண்கள் என்று அவளிடம் படித்துவிட்டு விமானம் ஏறியவர்கள் ஏராளம். வாயைத் திறக்கவே பயந்து வந்தவர்கள், ஆறே மாதத்தில் அவளையே எதிர்த்துப் பேசும் அளவுக்குத் தேறிப்போனார்கள். அவள் மட்டும் அதே மாடிப்படியில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தாள்.

வெளிநாட்டில் போய்க் கற்பிக்கும் ஆசை அவளுக்கு நேற்று முளைத்ததல்ல. எந்த நாட்டில் என்ன தகுதி கேட்கிறார்கள் என்பது அவளுக்கு மனப்பாடம். பெரும்பாலான விளம்பரங்களில் முதல் வரியிலேயே அடி விழுந்துவிடும்: பட்டம் வேண்டும். சிலவற்றில் இரண்டாம் வரி இன்னும் மோசம்: ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட நாட்டின் பாஸ்போர்ட் வேண்டும். அவளிடம் இரண்டும் இல்லை. கல்லூரியில் இரண்டாம் வருடம் முடித்த கையோடு அப்பா தவறிவிட்டார். அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்த நேரம். இவள் புத்தகத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு வேலை தேடிப் போனாள். இப்போது நாற்பத்தொரு வயதில், அந்த அக்கா வீட்டின் பின்பக்க அறையில் தையல் இயந்திரத்துக்கும் பீரோவுக்கும் நடுவே கட்டில் போட்டுப் படுத்துக்கொண்டிருந்தாள்.

ஒருநாள் பழைய மாணவி ஒருத்தியிடமிருந்து செய்தி வந்தது. வெளிநாட்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் நர்சாக இருப்பவள். அந்த நாட்டில் ஆங்கில ஆசிரியருக்குப் பட்டம் கட்டாயமில்லையாம். மூன்று காகிதங்கள் போதும். நூற்றிருபது மணி நேரப் பயிற்சி முடித்த சான்றிதழ் வேண்டும். அதில் ஆறு மணி நேரம் மேற்பார்வையாளர் முன்னால் நிஜ மாணவர்களுக்கு வகுப்பு எடுத்திருக்க வேண்டும். இரண்டு வருடம் கற்பித்ததாக, வேலை கொடுத்தவரின் கடிதம் வேண்டும். மூன்றாவது, போலீஸ் நற்சான்று. மிஸ் அந்தச் செய்தியை இரண்டு முறை படித்தாள். கடைசி இரண்டும் கையில் இருக்கிற மாதிரிதான் என்று நினைத்துக்கொண்டாள்.

அந்தப் பயிற்சியில் சேர்ந்து நான்கு மாதம் ராப்பகலாகப் படித்தாள். மேற்பார்வைக்கு வந்த அம்மாள் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து எதையோ எழுதிக்கொண்டே இருந்தார். முதல் வகுப்பு முடிந்ததும் தாளை நீட்டினார். ஐம்பது நிமிட வகுப்பில் நாற்பத்திரண்டு நிமிடம் ஆசிரியையே பேசியிருக்கிறார் என்று அதில் இருந்தது. நன்றாகப் பேசுகிறீர்கள், ஆனால் பேசக் கற்றுக்கொள்ள வேண்டியவர்கள் அவர்கள் அல்லவா என்று கேட்டார். மிஸ்ஸுக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. பதினாறு வருடம் தொண்டை கிழியக் கத்தியதெல்லாம் தப்பா? இரண்டு நாள் அந்தத் தாளைப் பிரிப்பதும் மடிப்பதுமாக இருந்தாள். மூன்றாம் நாள் வகுப்பில் ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டாள். அந்த அமைதியைத் தாங்குவது பெரும்பாடாக இருந்தது. கடைசியில் ஒரு லாரி ஓட்டுநர் தொண்டையைச் செருமிக்கொண்டு பேச ஆரம்பித்தார். அவரைப் பார்த்து இன்னொருவர். சான்றிதழ் நல்ல மதிப்பெண்ணோடு வந்தது.

பழைய மாணவி வேலை பார்க்கும் பள்ளிக்கே விண்ணப்பித்தாள். வீடியோவில் நேர்காணல் செய்த தலைமை ஆசிரியைக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. மூன்று வாரத்தில் காகிதங்களை அனுப்பினால் வேலை உறுதி என்றார்.

மறுநாளே நிலையத்தின் முதலாளியிடம் போய் நின்றாள். அவரை எல்லோரும் டைரக்டர் என்பார்கள். விஷயத்தைக் கேட்டு அவர் முதலில் சந்தோஷப்பட்டார். கடிதம் என்றதும் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

“மிஸ், உங்களுக்குத் தெரியாததா? லைசென்ஸ் ரூல்படி டீச்சருக்கு டிகிரி இருக்கணும். ரிஜிஸ்டர்ல உங்கள ரிசப்ஷனிஸ்டுன்னுதான் போட்டிருக்கேன்.”

அவளுக்குத் தெரியும். முதல் வருடமே ஒருமுறை கையெழுத்துப் போடும்போது பார்த்திருக்கிறாள். காகிதத்தில் என்ன இருந்தால் என்ன என்று விட்டுவிட்டாள்.

“பதினாறு வருஷம் சார்,” என்றாள்.

“இல்லன்னு சொல்லல. ஆனா டீச்சர்னு எழுதிக் குடுத்து, அந்த நாட்டுக்காரங்க லைசென்ஸ் ஆபீசுக்குப் போன் போட்டு விசாரிச்சா, நான் கடைய மூடிட்டுப் போகவேண்டியதுதான். இங்க இன்னும் ஆறு பேர் வேலை பாக்கறாங்க. ரிசப்ஷனிஸ்டா இருந்தாங்கன்னு வேணா எழுதித் தரேன்.”

பட்டம் இல்லாதவளுக்கு வேறு யாரும் கதவைத் திறக்காத காலத்தில் திறந்தவர் அவர். அதனால் அவரைத் திட்டவும் அவளுக்கு வாய் வரவில்லை. அவர் மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு விசிட்டிங் கார்டை எடுத்து வைத்தார். டிகிரி ஏற்பாடு செய்து தருகிற ஆள், டிகிரி இருந்தால் அவர்கள் இந்தக் கடிதமே கேட்க மாட்டார்கள், எல்லோரும் செய்கிறதுதான் என்றார். அவள் கார்டை எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

வீட்டில் அத்தான் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருடைய கம்பெனி மேனேஜரே அப்படி வாங்கியவர்தான் என்றார். மிஸ் அந்த ஆளுக்குப் போன் செய்து விசாரித்தாள். எந்த வருடம் வேண்டும், எந்தப் பாடம் வேண்டும் என்று புடவைக் கடைக்காரர் நிறம் கேட்பது போலக் கேட்டான். ஆங்கில இலக்கியம் என்று அவள் வாய் தானாகச் சொல்லிவிட்டது. போனை வைத்த பிறகுதான் யோசித்தாள். தூதரகத்தில் பல்கலைக்கழகத்துக்கே எழுதிக் கேட்பார்கள் என்பது அவளுக்குத் தெரியும். மாட்டினால் ஆயுசுக்கும் எந்த நாட்டுக்கும் போக முடியாது. அவள் கார்டைக் கிழித்ததற்கு நேர்மையைவிடப் பயம்தான் பெரிய காரணம். பின்னால் அவளே அதை ஒளிக்காமல் சொல்வாள்.

அன்று அக்கா தையலை நிறுத்தாமலே கேட்டாள்:

“எனக்காகத்தான் படிப்ப விட்டேன்னு நினைக்கிறியாடி?”

“நான் எப்ப சொன்னேன்?”

“சொல்லல. அதான் இருபது வருஷமா என் காதுல கேட்டுக்கிட்டே இருக்கு.”

மிஸ் அப்படி நினைத்த நாட்கள் உண்டு. இல்லை என்று பொய் சொல்லியிருக்கலாம். அதற்கும் மனம் வரவில்லை. அக்கா நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, நடந்ததை உள்ளபடி அந்தத் தலைமை ஆசிரியைக்கு எழுதிவிடு, போனால் போகிறது என்றாள்.

எழுதினாள். மேற்பார்வையாளர் தந்த ஆறு அறிக்கைகளையும், குத்திக்காட்டிய முதல் அறிக்கை உட்பட, கூடவே அனுப்பினாள். ஒன்பது நாள் கழித்துப் பதில் வந்தது. முதலாளியின் கடிதம் இல்லாமல் அந்த நாட்டுத் தொழிலாளர் அலுவலகம் ஆசிரியர் விசா தராது. வேண்டுமானால் வகுப்பு உதவியாளராக வரலாம். ஒரு வருட ஒப்பந்தம். அது பிறகு அனுபவமாகக் கணக்கில் சேரும்.

டைரக்டரிடம் சொல்லிக்கொள்ளப் போனபோது அவர் எழுந்து நின்று கைகூப்பினார். ரிசப்ஷனிஸ்ட் கடிதத்தை உறையில் போட்டுத் தயாராக வைத்திருந்தார். அவள் அதையும் வாங்கிக்கொண்டாள்.

போன இடத்தில் அவளுடைய வகுப்பாசிரியைக்கு இருபத்துமூன்று வயது. பட்டம் வாங்கி ஒரு வருடம்கூட ஆகவில்லை. நல்ல பெண்தான், ஆனால் பிள்ளைகளை வாயைத் திறக்க விடாமல் தானே பேசிக்கொண்டிருந்தாள். மிஸ் பென்சில் சீவினாள், தாள்களை அடுக்கினாள், அழுகிற குழந்தையைக் கழிவறைக்குக் கூட்டிப்போனாள். நுனி நாக்கு வரை வந்ததை விழுங்கிக்கொண்டு எத்தனையோ நாள் அறைக்குத் திரும்பினாள். மழைக்காலத்தில் அந்தப் பெண் மூன்று வாரம் காய்ச்சலில் படுத்தபோது வகுப்பு இவள் கைக்கு வந்தது. தலைமை ஆசிரியை ஒருநாள் கதவோரம் நின்று பார்த்துவிட்டுப் போனார். அந்தப் பெண் தேறி வந்ததும் மிஸ் மறுபடி கடைசி நாற்காலிக்குப் போனாள்.

வருடக் கடைசியில் ஒப்பந்தம் இன்னொரு வருடத்துக்கு நீண்டது, உதவியாளராகவே. அடுத்த வருடத்திலிருந்து உதவியாளருக்கும் பட்டம் கேட்கப்போகிறார்கள் என்று பேச்சு அடிபட்டது. யாருக்கும் உறுதியாகத் தெரியவில்லை. மிஸ் அஞ்சல் வழிக் கல்வியில் சேர்ந்தாள். அவள் முடித்திருந்த இரண்டு வருடப் படிப்பு செல்லாது, முதலிலிருந்து வா என்றார்கள். நாற்பத்திரண்டு வயதில், முதல் பருவத் தேர்வுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை அக்காவுக்குப் போன் செய்தாள்.

“இங்கிலீஷ்ல எல்லாம் நீ பாஸ் பண்ணிடுவ, விடு,” என்றாள் அக்கா.

“இங்கிலீஷ் இல்லக்கா. புள்ளியியல்னு ஒரு பேப்பர் இருக்கு. தலையும் புரியல, வாலும் புரியல.”

“சரி, எதுவரைக்கும் புரிஞ்சுதுன்னு சொல்லு,” என்றாள் அக்கா. மிஸ் புத்தகத்தைத் திறந்து, புரிந்த இடத்திலிருந்து மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தாள்.