முந்திரித் தோப்பில் கேட்ட குரல்

பாலர் பள்ளி ஆசிரியைப் பயிற்சிக்கு மதிய வகுப்பில் சேர்ந்ததிலிருந்து, நான் கிளம்பும்போதெல்லாம் மகள் அழுகிறாள். படிப்பை விட்டுவிடலாமா என்று இன்றும் யோசித்தபடி நடந்தேன். வழியில் முந்திரிப்பழ வாசனை வந்தது.

நான் சிறுமியாக இருந்தபோது, கந்தர்வக்கோட்டைத் தோப்பில் முந்திரிக்கொட்டை பொறுக்கப் போகும் ஆத்தா என் இடுப்பில் பழஞ்சேலையைக் கட்டி மரத்தோடு முடிந்துவிடுவாள். அவள் மரங்களுக்குள் போய்விட்டால் ஆளைக் காண முடியாது. குரல் மட்டும் வரும்.

"அடியே, இருக்கியா?"

"இருக்கேன்!"

"எறும்பு இழுத்துட்டுப் போயிரலையே?"

சிரிப்பேன். அழுததாக நினைவில்லை.

வீட்டுக்கே திரும்பினேன். நாத்தனார் இடுப்பில் மகள் விசும்பிக்கொண்டிருந்தாள். அவளை முத்தமிட்டுவிட்டு, தெருவில் இறங்கியதும் கூப்பிட்டேன்.

"அடியே, இருக்கியா?"

விசும்பல் நின்றது. "இருக்கேன்!"

"ஊருக்கே கேக்குது, போங்க அண்ணி!" என்று நாத்தனார் சிரித்தாள்.

கூப்பிட்டுக்கொண்டே போனேன். பதில் எட்டாத தூரம் வந்ததும் எனக்குத்தான் அழுகை வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு வகுப்புக்குப் போனேன்.