‘அவன் அங்கன நிக்கட்டும்’ என்று சொன்னவர்

கமிஷன் கடையில் மிளகாய் வத்தல் ஏலம் நடந்துகொண்டிருந்தது. மூட்டைக்குள் கையை விட்டு, அடியிலிருந்து ஒரு வத்தலை எடுத்து உடைத்துப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் எங்கள் அணியில் ஆடுகிற முருகேசனின் போன் வந்தது.

“அண்ணாச்சி, சார் போயிட்டாவ.”

“எந்த சார்லே?”

“நமக்கு எத்தன சார் இருக்காவ அண்ணாச்சி?”

கண்ணில் தண்ணீர் வந்தது. பக்கத்தில் நின்ற வியாபாரிகள் வத்தல் நெடி என்று நினைத்திருப்பார்கள். நானும் அப்படியே விட்டுவிட்டேன். அன்று எடுக்க வேண்டிய சரக்கை எடுக்காமலே வீட்டுக்கு வந்தேன். வியாபாரத்துக்கு வந்த பிறகு அப்படி வந்தது அபூர்வம்.

பாக்கியநாதன் சாரை உங்களில் பலருக்கு மைதானத்தில் தொப்பியும் விசிலுமாகத் தெரியும். சிலருக்கு, கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு டீக்கடையில் சீனி போடாத டீ கேட்கும் மனிதராகத் தெரியும். அவர் எங்கள் கால்பந்துக் கிளப்புக்குக் கோச்சாக வந்து ஏழெட்டு வருஷம் இருக்கும். வந்த முதல் ஆட்டப் பருவத்தைப் பற்றித்தான் நான் எழுதப் போகிறேன். அந்தப் பருவம் மட்டும் வேறு மாதிரி முடிந்திருந்தால் இன்று கிளப்பே இருந்திருக்காது.

நம்ம ஊர் ஹாக்கி ஊர். இங்கே கால்பந்துக் கிளப் நடத்துவது, மீன் விற்கிற சந்தையில் பூக்கடை போடுகிற மாதிரி. எனக்குப் பிடித்த ஆட்டம் என்பதால் நானும் நாலைந்து கடைக்காரர்களும் சேர்ந்து ஆரம்பித்தோம். பட்டறையில், கடையில், மில்லில் வேலை பார்க்கிறவர்கள்தான் ஆட்டக்காரர்கள். மாவட்ட லீக்கில் முதல் பிரிவுக்கு ஏறினோம். ஏறிய இடத்தில் நிற்க முடியவில்லை. கோல் போடுவோம், போட்டதைவிடக் கூடுதலாக வாங்குவோம். இனி இரண்டாம் பிரிவுக்கு இறங்கினால் கிளப்பைக் கலைத்துவிடுவது என்று கமிட்டியில் எல்லோரும் கையைத் தூக்கினார்கள். நானும் தூக்கினேன். தேறாத சரக்கைக் கட்டிக்கொண்டு அழுகிற ஆள் நான் இல்லை.

அந்த நிலையில்தான் சார் வந்தார். கடலோர ஊர்க்காரர், வெளியூரில் உத்தியோகத்தில் இருந்துகொண்டே ஆடியவர், ஓய்வுபெற்று ஊர் திரும்பியிருந்தார். கடையில் உட்கார வைத்துக் கலர் சோடா வாங்கிக் கொடுத்தேன். சம்பளம், தங்க இடம் எதையும் கேட்காமல் அவர் கேட்டது ஒன்றே ஒன்று.

“கோட்டுக்கு வெளிய நின்னு கத்துத பழக்கம் உண்டோ உங்களுக்கு?”

“சும்மா, ‘அடிலே, புடிலே’ன்னு ரெண்டு வார்த்த...”

“அத விட்டுரணும். பந்து நம்ம பக்கம் வரும்போது ஒரு குரல்தான் கேக்கணும். அது கோல் காக்குத கோலியோட குரல். ரெண்டாவது குரல் கேட்டா தடுப்பு ஒடஞ்சிரும்.”

சரி என்றேன். சொல்லிவிட்டேனே தவிர, அதைக் காப்பாற்றுவது எவ்வளவு சிரமம் என்று பிறகுதான் தெரிந்தது.

முதல் வாரம் அவர் ஒன்றும் சொல்லித்தரவில்லை. வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு ஆட்டத்தைப் பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

“அண்ணாச்சி, ஒங்க ஆளுக கால்பந்து ஆடல. காலால ஹாக்கி ஆடுதாவ.”

எனக்குக் கோபம் வந்தது. அவர் விளக்கினார். ஹாக்கியில் ஆஃப்சைடு விதி கிடையாது, எடுத்து வெகுகாலமாயிற்று. எதிராளி நம் கோல் வாசலில் போய்ச் சும்மா நின்றாலும் அவனுக்குப் பந்து வரலாம். அதனால் ஒருவன் கூடவே போய்க் காவல் நின்றாக வேண்டும். அதைப் பார்த்தே வளர்ந்த நம் ஆட்கள், கால்பந்திலும் எதிராளி பின்னால் போனால் தாங்களும் பின்னாலேயே போனார்கள். ஆனால் இந்த ஆட்டத்தில், நம் கடைசித் தடுப்பாளனைத் தாண்டி நிற்கிறவனுக்குப் பந்து கொடுத்தால் அது செல்லாது, அதுதான் ஆஃப்சைடு. அவன் பின்னாலேயே நாம் ஓடினால், செல்லாத அவனை நாமே செல்ல வைக்கிறோம்.

“அவன் அங்கன நிக்கட்டும்” என்றார் சார். “நீ போற வரைக்கும் அவன் ஆட்டத்துலயே இல்ல.”

இத்தனை வருஷம் வாங்கிய கோல்கள் எல்லாம் கண் முன்னால் வந்து நின்றன. வெளியூர் ஆள் ஒருவர் வந்து நம்ம வீட்டுச் சுவர் கோணல் என்று சொல்லும்போது, தினமும் அதில் சாய்ந்து உட்கார்ந்தவனுக்கு எப்படி இருக்கும்? அப்படி இருந்தது.

மறுநாள் என் கடையிலிருந்து ஒரு கயிறு கேட்டு வாங்கிப் போனார். மூட்டைகளை லாரியில் இறுக்கிக் கட்டுகிற கயிறு. தடுப்பாளர்கள் நாலு பேரையும் இடுப்பில் சேர்த்துக் கட்டி, நடுவில் இடைவெளி விட்டு, முன்னும் பின்னும் நடக்க விட்டார். ஒருவன் பின்தங்கினால் கயிறு இழுத்து மற்றவன் விழுவான். கரிசல் காய்ந்து பாளம் பாளமாக வெடித்துக் கிடந்த காலம். விழுந்தால் முட்டியில் தோல் மிஞ்சாது. ரோட்டில் போகிறவர்கள் எல்லாம் சைக்கிளை நிறுத்தி வேடிக்கை பார்த்தார்கள். டீக்கடையில் என்னைக் கண்டாலே பேச்சுத்தான்.

“என்ன அண்ணாச்சி, மாடு கெடைக்கலன்னு ஆளப் பூட்டி உழுதீயளாமே. என்ன வெத போடுதீய?”

“மொளச்ச பொறவு வந்து பாரு” என்றேன். உள்ளுக்குள் எனக்கும் நம்பிக்கை இல்லை.

எல்லோரையும்விட முருகேசனுக்குத்தான் அடி. எங்கள் ஸ்டாப்பர், அதாவது நடுத் தடுப்பாளன், அவன்; வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறான். எதிராளியின் காலடியில் பாய்ந்து விழுந்து பந்தைப் பிடுங்குவான், பிடுங்கியதை ரயில் தண்டவாளம் வரைக்கும் உதைப்பான். சனம் எழுந்து நின்று கைதட்டும். அவனைக் கயிற்றில் கட்டி நடக்க வைத்ததுமில்லாமல், சார் எல்லோர் முன்னாலும் சொன்னார்: “நீ பாயுத பாய்ச்சல் எல்லாம், மொதல்ல எடத்த விட்டதுக்குக் கட்டுத அபராதம். நல்ல தடுப்புக்குக் கைதட்டே விழாது மக்கா.”

முருகேசன் கயிற்றை அவிழ்த்துப் போட்டுவிட்டுப் போய்விட்டான். பயிற்சிக்கு வரவில்லை. அவன் இல்லாமல் ஆடுவதைவிட அந்தப் பருவத்தையே விட்டுவிடலாம். சாரிடம் போய், “ஒரு வார்த்த தணிவாப் பேசுங்க” என்றேன். அவர் பட்டறைக்குப் போனார். நானும் கூடப் போனேன். முருகேசன் ஒரு வீட்டு கேட்டுக்குக் கம்பி பற்றவைத்துக்கொண்டிருந்தான், நிமிர்ந்து பார்க்கவில்லை. சார் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“எல்லாக் கம்பியும் ஒரே வரிசையில வைக்கியே, ஒண்ணு மட்டும் துருத்திக்கிட்டு இருந்தா என்ன?”

முருகேசன் கண்ணாடியைக் கழற்றினான். “அழகுக்கு நடுவுல ஒரு ஈட்டி வெப்போம் சார். பார்ட்டி கேட்டு வாங்குதாவ.”

சார் இந்தப் பதிலை எதிர்பார்க்கவில்லை. வாய்விட்டுச் சிரித்தார்.

“சரி, நீ ஈட்டியாவே இரு. மேல எவ்வளவு வேணும்னாலும் ஒசந்துக்கோ. முன்னப் பின்ன மட்டும் நவராத.”

சாயங்காலம் முருகேசன் மைதானத்துக்கு வந்தான். தானே கயிற்றை எடுத்துக் கட்டிக்கொண்டான்.

கோலி கண்ணன் கதை வேறு. கடலைமிட்டாய்க் கடையில் பொட்டலம் போடுகிறவன். கேட்ட கேள்விக்குத் தலையை ஆட்டுவானே தவிர வாய் திறக்க மாட்டான். அவனிடம் சார் மூன்று சொற்களைக் கொடுத்தார்: ஏறு, நில்லு, இறங்கு. நாலு பேரும் எப்போது முன்னே போவது, எப்போது நிற்பது, எப்போது பின்வாங்குவது என்பதை இவன்தான் சொல்ல வேண்டும். ஆரம்பத்தில் அவன் சொல்வது கோல் கம்பத்துக்கே கேட்காது. “கோலிக்குக் கை ரெண்டாவது, வாய்தான் மொதல்ல” என்று சொல்லி, மைதானத்தின் அந்தக் கோடியில் நின்றுகொண்டு, “கேக்கல, கேக்கல” என்பார் சார். ஒருநாள் கண்ணனின் மனைவி கடைக்கு வந்தாள். “அண்ணாச்சி, தூக்கத்துல ‘ஏறு, ஏறு’ன்னு கத்துதாவ. பிள்ள பயந்து அழுவுது. அந்த சார்ட்ட கொஞ்சம் சொல்லுங்க” என்றாள். சாரிடம் சொன்னேன். “அப்ப பாடம் ஏறிட்டு” என்றார்.

பாடம் ஏறியது, ஆட்டம் ஏறவில்லை. பருவம் தொடங்கியதும் வரிசையாகத் தோற்றோம். மூன்று பேர் முன்னே ஏற, ஒருவன் பழைய பழக்கத்தில் எதிராளியோடு பின்னால் ஓடுவான், கதை முடிந்தது. கோச்சை மாற்றச் சொன்னது கமிட்டி. சொல்லிவிட்டு வரும் வேலை என் தலையில் விழுந்தது. அவர் தங்கியிருந்த அறைக்குப் போனபோது சார் தானே மீன் குழம்பு வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார்.

“தோத்தத மட்டும் பாக்குதீய. எங்கருந்து அடிச்சான்னு பாத்தீயளா? போன வருசம் எல்லாக் கோலும் வாசல்ல நின்னு தட்டிவிட்டதுன்னு நீங்கதான சொன்னீய. இப்ப பாதிக்கு மேல தூரத்துலருந்து அடிச்சது. அவனுக்கு உள்ள வரப் பயம் வந்துட்டு.”

யோசித்துப் பார்த்தேன், உண்மைதான். இதை நான் கவனித்திருக்க வேண்டும். வத்தல் எந்தக் காட்டில் விளைந்து வந்தது என்று பார்க்காமல் விலை பேசுகிறவன் நான் இல்லையே. கமிட்டியிடம் போய், பருவம் முடியட்டும் என்றேன். நான் நல்லவன் என்பதால் சொல்லவில்லை. நடுப் பருவத்தில் இந்தப் புழுதிக்கு வேறு எந்தக் கோச்சும் வரமாட்டான். அதுவும் ஒரு காரணம்.

பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூடிவந்தது. ஜெயித்தோம் என்று சொல்ல முடியாது, தோற்பது குறைந்தது. கடைசி ஆட்டத்தைச் சமன் செய்தாலே முதல் பிரிவில் நிற்கலாம் என்கிற இடத்துக்கு வந்தோம். தோற்றால் இறங்குவோம், இறங்கினால் கிளப் இல்லை.

அந்த ஆட்டம் ஆடியவர்களுக்கும் பார்த்தவர்களுக்கும் மறக்காது. இரண்டு பக்கமும் கோல் விழவில்லை. முடியப் போகிற சமயம், எதிரணியின் உயரமான ஃபார்வர்டு நம் தடுப்பைத் தாண்டிக் கோல் பக்கமாகப் போய்த் தனியே நின்றான். நடுவில் பந்து அவர்களிடம். சனம் முழுக்க எழுந்து கத்தியது: “முருகேசா, பின்னால ஆளுலே. போய்ப் புடிலே.” அதே சொல் என் தொண்டைக்கும் வந்துவிட்டது. வாய் திறந்தாயிற்று. சாரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை, பந்தைத்தான் பார்த்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து வாய்க்குள் திணித்துக் கடித்துக்கொண்டேன்.

“ஏறு.”

கண்ணனின் குரல். நாலு பேரும் ஒரே அடியாக முன்னே வந்தார்கள். முருகேசன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பந்து அவர்களைத் தாண்டிப் போனது. ஃபார்வர்டு வாங்கினான், அடித்தான், வலை அசைந்தது. அந்தப் பக்கத்து ஆட்கள் குதித்தார்கள். பிறகுதான் எல்லோரும் லைன்ஸ்மேனைப் பார்த்தார்கள். கொடி ஏற்கனவே மேலே இருந்தது. ஆஃப்சைடு.

ஆட்டம் சமனில் முடிந்தது. கிளப் நின்றது. சார் சொன்ன மாதிரியே, முருகேசனுக்கு அன்று யாரும் கைதட்டவில்லை. அவன் செய்தது என்னவென்று பாதிப் பேருக்குத் தெரியாது. சார் பயிற்சிக்கு வைக்கிற கூம்புகளைப் பொறுக்கி அடுக்கிக்கொண்டே என் பக்கம் வந்தார்.

“துண்ட எடுங்க அண்ணாச்சி. மூச்சு முட்டப் போவுது.”

இந்தப் பங்குனியில் அவருக்கு நெஞ்சு வலி வந்து தன் ஊருக்கே போய்விட்டார். பார்க்கப் போனேன். எலும்பும் தோலுமாக இருந்தார். “எனக்குப் பொறவு வாறவரு வேற மாதிரித் தடுப்பு சொல்லுவாரு. சொல்லட்டும். நீங்க கத்தாதீய” என்றார். “அந்தப் பேச்செல்லாம் எதுக்கு சார்” என்றேன். முருகேசன் இப்போதும் திரும்பிப் பார்க்காமல் ஏறுகிறானா என்று கேட்டார். ஏறுகிறான் என்றேன்.

அடக்கத்துக்கு எல்லோரும் வேனில் போனோம். குளத்தூர் தாண்டினால் கரிசல் முடிந்து உப்பளம் தொடங்கும். மாதா கோயிலில் பூசை முடிந்ததும் சவப்பெட்டியைத் தூக்க உறவுக்காரர்கள் வந்தார்கள். முருகேசன் சாரின் மகனிடம் போய், “நாங்க தடுப்பு நாலு பேரும் தூக்குதோம்” என்று மட்டும் சொன்னான். அவர் ஒதுங்கிக்கொண்டார்.

கல்லறைத் தோட்டத்துக்கு மணல் பாதை. முடிவில் உயரமான படிகள். மணலில் கால் புதைந்து ஒருவன் தடுமாற, பெட்டி ஒரு பக்கம் சாய்ந்தது. சுற்றி நின்ற அத்தனை பேரும் ஒரே நேரத்தில் சொல்லத் தொடங்கினார்கள்: “எடது பக்கம் தூக்கு”, “எறக்கு எறக்கு”, “ஆள மாத்துங்கப்பா.” நாலு பேரும் யார் சொல்வதைக் கேட்பது என்று தெரியாமல் ஆளுக்கொரு பக்கம் இழுபட்டார்கள். என் வாயும் திறந்தது. மூடிக்கொண்டேன்.

“நில்லு.”

பெட்டிக்குப் பின்னால் வந்துகொண்டிருந்த கண்ணன்தான். நாலு பேரும் நின்றார்கள். பெட்டி மட்டத்துக்கு வந்தது. அந்தக் குரலைக் கேட்டு மற்றவர்களும் அடங்கினார்கள்.

“ஏறு” என்றான் கண்ணன். குரல் உடைந்திருந்தது, ஆனாலும் கேட்டது. அவர்கள் ஒரே அடியாகப் படி ஏறினார்கள்.

திரும்பி வரும்போது வேனில் முருகேசன் என் பக்கத்தில் உட்கார்ந்தான். “அண்ணாச்சி, புதுசா வாறவரு இந்தத் தடுப்பெல்லாம் வேண்டாம், ஆளுக்கொரு ஆளப் புடிங்கன்னு சொன்னா?”

“அவரு சொன்னா புடிலே” என்றேன்.

அவன் என்னை ஒரு மாதிரிப் பார்த்தான்.

அடுத்த மாதம் புதுக் கோச் வருகிறார். சின்ன வயதுக்காரர் என்கிறார்கள். பின்னால் மூன்று பேர் போதும் என்பாரோ, ஐந்து பேரை நிறுத்துவாரோ, எனக்குத் தெரியாது. கயிற்றைப் பார்த்துச் சிரித்தாலும் சிரிக்கட்டும். தடுப்பு என்ற வித்தை சாரோடு வந்தது. அதைக் கற்றவர்கள் ஆட்டக்காரர்கள், அது அவர்கள் பாடு. என்னிடம் அவர் விட்டுப் போனது, கோட்டுக்கு வெளியே வாயை மூடிக்கொண்டு நிற்கிற பழக்கம் ஒன்றுதான். வியாபாரத்தில் எனக்கு அது வரவில்லை, வீட்டிலும் வரவில்லை. மைதானத்தில் மட்டும் இருக்கிறது. புதிதாக வருகிறவருக்கும் அதைக் குறையில்லாமல் கொடுப்பேன்.

துண்டைத் துவைத்துக் காயப்போட்டிருக்கிறேன்.