அந்தெல்மின் மூக்கு

பிரான்ஸில் சாப்ளி ஊரின் குளிரில் சார்டனே திராட்சை அடம்பிடித்துத்தான் பழுக்கும். அதனால் அந்த ஒயினுக்குப் பிறவியிலேயே ஒரு புளிப்பு. நாக்கின் ஓரத்தைக் கிள்ளும். அதைக் கெடாமல் காப்பதுதான் அந்தெல்மின் இருபத்தாறு வருஷத்து வேலை. முதலாளி கிளோடின். அவள் நிலவறையில் பீப்பாய்களுக்கெல்லாம் அவன்தான் பொறுப்பு.

மரப் பீப்பாய் தானும் கொஞ்சம் குடிக்கும். குறைந்ததை வாரம் ஒருமுறை நிரப்ப வேண்டும். இடம் விட்டால் காற்றுப் புகுந்து ஒயின் காடியாகிவிடும், வெறும் வினிகர். நிரப்புவதற்கென்றே ஒரு சின்னப் பீப்பாய் உண்டு. அதை முகர்ந்து பார்க்காமல் எதிலும் ஊற்றக்கூடாது.

ஜனவரிக் காய்ச்சலில் அந்தெல்முக்கு மூக்கு போயிற்று. காப்பிக்கு வாசமில்லை, மனைவியின் தலைமுடிக்கும் இல்லை. திரும்பிவிடும் என்று யாரிடமும் மூச்சு விடவில்லை. மூக்கில்லாதவனுக்கு நிலவறையில் என்ன வேலை?

டிராக்டர் ஓட்டும் ரெமிதான் கிண்டலடித்தான். "என்னப்பா, கிளாஸுக்குள்ள மூக்கை விட்டு மீன் பிடிக்கிறியா?"

"உன் பூட்ஸ் நாத்தம் தாங்காமத்தான்."

ரெமி குனிந்து பார்த்தான். நேற்று வாங்கிய பூட்ஸ்.

மார்ச்சில் சின்னப் பீப்பாய் கெட்டது. அந்தெல்ம் முகர்ந்தான், ஒன்றும் தெரியவில்லை. நாக்கில் விட்டான், புளித்தது. புளிப்புக் குறைந்த வெயில் ஊர் ஒயினாயிருந்தால் நாக்கே காட்டிக் கொடுத்திருக்கும். இது புளிக்க வேண்டிய ஒயின். நல்லபடி இருக்கிறது என்று பதினோரு பீப்பாயிலும் ஊற்றினான்.

ஏப்ரலில் கிளோடின் ஒவ்வொன்றாக முகர்ந்து வந்தாள். நாலாவதில் கிளாஸைக் கீழே வைத்தாள்.

"அந்தெல்ம், அவசரத்துல முகர மறந்துட்டீங்க. அப்படித்தானே?"

ஆமாம் என்றால் வேலை மிஞ்சும். அதற்காகத்தான் அவள் அப்படிக் கேட்டாள் என்பதும் அவனுக்குப் புரிந்தது.

"முகர்ந்தேன் மேடம். மூணு மாசமா எனக்கு எந்த வாசமும் தெரியல."

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் முகர்ந்திருப்பேனே."

"அப்புறம் நான் எதுக்கு மேடம்?"

அவள் ஐந்தாவது பீப்பாயை முகரப் போனாள்.

பதினோரு பீப்பாயும் காடி செய்கிறவனுக்குப் போயின. வண்டித் தொட்டியில் ஒயினை ஏற்றும் குழாயை அந்தெல்மே பிடித்தான். வண்டி போனதும், அவள் கேட்காமலே நிலவறைச் சாவியை நீட்டினான்.

"தோட்டத்துல கொடி கட்டுற வேலைக்கு வாங்க," என்றாள்.

போனான். ஜூனில் திராட்சை பூத்து மணத்தது. தோட்டத்தில் எல்லாரும் கை வேலையை விட்டு நிமிர்ந்து மூச்சை இழுத்தார்கள். அந்தெல்ம் அடுத்த கொடிக்கு நகர்ந்தான்.