மஞ்சள் தடவிய விண்ணப்பம்

கொரோனா ஊரடங்கில், ஓடைப்பட்டியில் என் இட்லிக் கடை மாதக்கணக்கில் மூடிக் கிடந்தது. அப்போது எங்கள் பகுதி கட்சிப் பிரமுகர் வீட்டுக்கு வந்தார். "அக்கா, சிறுதொழிலுக்கு அரசாங்கம் நிவாரணக் கடன் குடுக்குது. நீங்க கையெழுத்து மட்டும் போடுங்க, மிச்சத்த நான் எழுதிக்கிறேன்" என்றார்.

நம்பிப் போட்டேன். எந்தக் காகிதமானாலும் முருகன் படத்தின் முன் வைத்து, நான்கு மூலையிலும் மஞ்சள் தடவித் தருவது என் வழக்கம். அன்று மஞ்சளில் தண்ணீர் கூடிவிட்டது.

"சாமி பாத்த பேப்பரு, சட்டுனு பாஸாயிரும்" என்று சிரித்தபடி வாங்கிப் போனார்.

சில நாளில் சின்னமனூர் வங்கியிலிருந்து என்னை நேரில் வரச் சொன்னார்கள். கையெழுத்தின் மேல் மஞ்சள் படிந்து, அது தெரியவில்லையாம்.

"ஏம்மா, விண்ணப்பத்துக்கா மஞ்சக்காப்பு போட்டீக?" என்று சிரித்த மேனேஜரம்மா, "உங்க கோல்டு ஸ்டோரேஜுல எத்தன பேரு வேல பாக்குறாக?" என்று கேட்டார்.

"எங்கிட்ட இருக்கிறது ரெண்டு இட்லிக் கொப்பரதான் தாயி!"

அவர் தாளைக் காட்டினார். அந்தப் பிரமுகரின் குளிரூட்டிய திராட்சைக் கிடங்கு என் பெயரில் எழுதப்பட்டிருந்தது. கடன் இருபது லட்சம். பணம் அவருக்கு, அடைக்க வேண்டியது நான். கடன் வேண்டாமென்று அங்கேயே எழுதிக் கொடுத்துவிட்டு, வாசலில் நின்று "முருகா" என்று அழுதேன்.

இப்போதும் மஞ்சள் தடவுகிறேன். அதற்கு முன், முருகனுக்கும் கேட்கும்படி என் மகள் ஒவ்வொரு வரியையும் சத்தமாக வாசிக்க வேண்டும். எழுதாத தாளை அவன் முன்னால்கூட வைப்பதில்லை.